முதுகுப் பக்கம் கடல்

எங்கள் ஊரில் கிழக்கு என்று யாரும் சொல்வதில்லை. கடல்பக்கம் என்போம். மேற்கு என்றால் வயல்பக்கம். கல்முனையில் பிறந்த பிள்ளை திசையை இப்படித்தான் படிக்கிறது: கடல்பக்கத்து வாசல், வயல்பக்கத்துக் கிணறு, வயல்பக்கம் கால் நீட்டாத புள்ள, அது கிப்லா, தொழுகிற திசை. ஐந்து நேரமும் தொழ எழுந்து நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இமாமின் குரல் முன்னாலிருந்து வரும், அலையின் குரல் பிடரியில் விழும். முற்றத்தில் மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே போகிறவர்களைப் போல, திரும்பிப் பார்க்கத் தோன்றாமல் நின்றிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் பின்னாலிருந்துதான் வந்தது.

என் கணவரிடம் ஒரு பழைய பஸ் இருந்தது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் அவரே ஓட்டினார். முதல்நாள் அதன் வில்லுத்தகடு முறிந்து சம்மாந்துறையில் ஒரு கராஜில் நின்றது. அவரும் அங்கேயே படுத்துவிட்டார். அதனால் பஸ்ஸும் அவரும் தப்பினார்கள். நானும் மகளும் பக்கத்து வீட்டு மாடிப்படியில் தப்பினோம். மகன் தப்பவில்லை. கடல் உள்ளே போய்விட்டது, மீன் துள்ளுகிறது என்று தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடியபோது அவனும் ஓடியிருந்தான். ஐந்து வயது. மாடிப்படியில் நின்று நான் கடல்பக்கம் பார்த்தபடி இருந்தேன். மகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

அவனுக்குக் கொண்டக்டராக வேண்டும் என்று ஆசை. கதிரையில் ஏறி நின்று தன் வாப்பாவின் பஸ் பாதையைக் கூவுவான்: "நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்! ஏறு ஏறு ஏறு!" காரைதீவுதான் முதலில் வரும், நிந்தவூர் பிறகு. வாப்பா எத்தனை தரம் திருத்தியும் மாற்றவில்லை. "நான் ஓட்டுற பஸ் அப்பிடித்தான் போகும்" என்பான்.

அவன் கிடைக்கவில்லை. பள்ளிவாசல் முற்றங்களிலும் ஆஸ்பத்திரி நடையிலும் மண் தோண்டிய இடங்களிலும் வாப்பா தேடினார். ஒவ்வொரு சீலையாக விலக்கிப் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு நாள் போகவில்லை. உடல் இல்லாத பிள்ளைக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. அதற்கும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள்.

கரையோரம் திரும்ப வீடு கட்டக்கூடாது என்றார்கள். கட்டச் சொல்லியிருந்தாலும் மகள் வந்திருக்கமாட்டாள். முகாமில் கூடாரம் தந்தார்கள். அதற்குள் படுக்கமாட்டேன் என்று பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டாள். உருளும் சில்லு இருக்கிற இடத்தில்தான் அவளுக்குக் கண் மூடியது. அதுவும் சாவி போட்டபடியே இருக்க வேண்டும்.

"வாப்பா, சாவி இரிக்கா?"

"இரிக்கி மகள்."

"போட்டா இரிக்கி?"

"போட்டுத்தான் இரிக்கி. படு."

வாப்பா சீட்டுகளைக் கழற்றினார். பின்பக்கம் பாய், நடுவில் அடுப்பு, ஜன்னல் கம்பியில் உடுப்பு. சாரதி சீட்டையும் அதற்குப் பின்னால் ஒரு நீள சீட்டையும் மட்டும் விட்டுவைத்தார். அந்தச் சீட்டுத்தான் பிறகு எங்கள் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது அவளை அனுப்பினேன். கரும்பலகை வயல்பக்கச் சுவரில் இருந்தது. அவள் வாங்கில் திரும்பி உட்கார்ந்து பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ரீச்சர் தோளைப் பிடித்துத் திருப்பியதும் எழுந்து ஓடி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு போகவேயில்லை. நான் உயர்தரம் படித்தவள். ஆசிரியையாக வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தவள். நினைத்தது இப்படி நடந்தது. சாரதி சீட்டின் முதுகில் கறுப்புப் பெயின்ற் அடித்தோம். ஊர்ப்பலகைகளில் வாசிப்பு, நெல்மூட்டையில் கணக்கு, ஆற்றைக் கடக்கும்போது புவியியல். வானொலியில் செய்தி வாசித்தால் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்வேன். அந்த நாட்களில் செய்தியில் எதிர்காலம் வராது. 'சுடப்பட்டார்', 'கடத்தப்பட்டனர்', 'மீட்கப்பட்டது'. என் மகள் செயப்பாட்டு வினையை அப்படிப் படித்தாள்.

வெள்ளாமை எங்கே விளைகிறதோ அங்கே போனோம். வெட்டுக்காரரை ஏற்றுவது, மூட்டை ஏற்றுவது, சண்டையில் ஓடி வந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது. ஆமிக்காரன் மறித்து "ஊடு எங்க?" என்று உடைந்த தமிழில் கேட்பான். வாப்பா பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் காட்டுவார். சில பேர் சிரித்தார்கள். ஒருவன் எங்களை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்தான். சண்டை முடிந்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அக்கரைப்பற்றில் ஏறிய ஒரு பெண் தன் இடமான தம்பிலுவில் வந்தும் இறங்கவில்லை. வாப்பா திரும்பிக் கேட்டார்.

"எங்க அக்கா இறங்கிற?"

"மகன் வரட்டும் தம்பி" என்றாள்.

வாப்பா அவளைத் திருக்கோவில்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

அந்த ஆண்டுகள் முழுக்க எங்கள் பஸ்ஸுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். மகள் தொழுவாள். ஆனால் தொழுகை விரிப்பை, முசல்லாவை, திருப்பிப் போடுவாள். கிப்லாவுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துத் தொழுவாள். கடல் கண்ணுக்குத் தெரியாத வயல் நடுவில் நின்றாலும் அவளுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியும். வாப்பா முசல்லாவை நேராக்கிப் போடுவார். அவள் ஏறி நிற்பாள், கையைக் கட்டுவாள், சுஜூதுக்குக் குனிகிற இடத்தில் உடல் விறைத்துவிடும். நெற்றியை நிலத்தில் வைத்தபடி பின்னால் வருவதை எப்படிப் பார்ப்பது?

"நான் பின்னால நிண்டு கடலப் பாக்கிறன். நீ தொழு மகள்" என்று ஒருமுறை சொன்னேன்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "அண்டைக்கும் நீங்க பாத்துக்கொண்டுதானே உம்மா நிண்டீங்க."

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

சின்னப் பிள்ளை என்று விட்டது ஒரு காலம். அவள் வயதுக்கு வந்ததும் தொழுகை கடமையாகிவிட்டது. கணவரின் அக்கா, சம்மாந்துறையில் இருக்கிற என் மதினி, ஒரு நாள் பஸ்ஸுக்குள் ஏறி வந்து அந்தத் தொழுகையைக் கண்டாள்.

"என்னகா இது? மக்காவுக்கு முதுகக் காட்டித் தொழுற புள்ளய இண்டைக்குத்தான் காணுறன்."

"பயம் மதினி."

"அல்லாஹ்வுக்குப் பயமா, தண்ணிக்குப் பயமா? பஸ்ஸில வச்சு வளத்தா புள்ளயும் பஸ் மாதிரித்தான் வழியில திரும்பும்." பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஒரு குமர எத்தின காலத்துக்கு ரோட்டில கட்டி இழுக்கப் போறாய்? பொம்பிளப் புள்ளயள்ர மதரசா ஒண்டு இரிக்கி, வயல்பக்கம். அங்கயே தங்கி ஓதலாம். நான் கதைக்கிறன்."

வாப்பா தலையை ஆட்டினார். நோன்புப் பெருநாள் முடிய விடுவதென்று பேச்சானது. அந்த மதரசாவை நான் போய்ப் பார்த்தேன். நல்ல இடம். உயர்ந்த மதில், உள்பக்கம் பூட்டுகிற இரும்புக் கதவு, வரிசையாகக் கட்டில். சில்லு இல்லை, சாவி இல்லை. ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. மற்றதை ஒரு கதவு கொண்டுபோகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். "அவள் நேராத் தொழுதா விடத் தேவல்லதானே?" என்று அவரிடம் கேட்டேன். "தொழட்டும், பாப்பம்" என்றார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டை முடிந்த அடுத்த வருடம், நோன்புக்கு முந்திய மாதம், பொத்துவிலில் நின்றோம். அலையில் பலகை ஓட்டுகிற வெள்ளைக்காரர்கள் திரும்பவும் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. தென்னைகளுக்குள் பஸ்ஸை விட்டோம். அங்கே ஏற்கெனவே ஒரு பஸ் நின்றது. எங்களுடையதைப் போலவே கிழட்டு பஸ், ஜன்னல்களில் பூத்திரை, கூரையில் தண்ணீர்த் தாங்கி. சிவந்த தாடிக்காரர், தலையில் துணி கட்டிய மனைவி, மூன்று பிள்ளைகள். தகப்பனும் பையன்களும் உச்சந்தலையில் சின்னதாகப் பின்னிய தொப்பி வைத்திருந்தார்கள்.

கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சேரு, வெள்ளைக்கார முஸ்லிம்கள்! குடும்பத்தோட பஸ்ஸில!"

இறங்கிப் போய்க் கையை நீட்டினார். "அஸ்ஸலாமு அலைக்கும்!"

தாடிக்காரர் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துக் கையைப் பிடித்தார். "அலேஹெம் ஷாலோம்."

"வாய் இன்னும் திரும்பல்ல" என்று வந்து சொன்னார். "புதுசா இஸ்லாத்துக்கு வந்தவங்க போல. ஓதி ஓதித்தான் சரிவரும்."

அன்று மாலை ஒரு சட்டி இறால் கறி கொடுத்துவிட்டார். அது தொடப்படாமல், நிறைய நன்றியோடு திரும்பி வந்தது. செதிள் இருக்கிற மீன் மட்டும்தான் சாப்பிடுவார்களாம். "இறால் தின்னாத முஸ்லிமா?" என்றேன். "அவங்க வேற மத்ஹபு, சட்டம் வேற" என்றார், எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

அவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தகரப்பந்தல் ஒன்றின் கீழ் தாய் படிப்பித்தாள். எங்கள் மகளை விட ஒரு வயது கூடவோ குறையவோ இருக்கிற மகள் ஒருத்தி. மூக்கில் வெயிலுக்குத் தோல் உரிந்திருந்தது. அவள் மணலில் கணக்குப் போட, எங்களுடையவள் போய்ப் பக்கத்தில் குந்தினாள். நான் தாயிடம் என் இங்கிலீஷை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய வீடு இருந்ததாம். விற்றுவிட்டார்களாம். பிள்ளைகள் சுவருக்குள் வளர வேண்டாம் என்று நாடு நாடாகப் போகிறார்களாம். இங்கே வந்து இந்தப் பஸ்ஸை வாங்கினார்களாம். "நீங்கள் எப்படிப் புறப்பட்டீர்கள்?" என்று கேட்டாள். நான் தென்னைகளுக்கு அப்பால் கையைக் காட்டினேன். அவள் கையிலிருந்த சோக்கட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

கணவரிடம் சொன்னேன். "வீட்ட வித்துப்போட்டு ஏறினாங்களாம்."

அவர் வெகுநேரம் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். "வீடு இரிந்தவனுக்கு விக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போனார். வரும்போது பின்னேர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. நான் அடுப்பில் நின்றேன். தூரத்தில் அவர் வேகமாக வருவதைக் கண்டதுமே ஏதோ நடந்திருப்பது தெரிந்தது.

"சாமான எடுத்து வை. வெளிக்கிடுவம்."

"என்ன?"

"தேத்தண்ணிக் கடையில சொல்லிச் சிரிக்கிறானுகள். அவங்க யூதன் புள்ள! யூதனுக்கு நான் சலாம் சொல்லி, இறாலும் குடுத்திருக்கன்!"

அந்தச் சொல்லை நாங்கள் குத்பாப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம், வானொலியில் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தோல் உரிந்த மூக்கு இருக்கும் என்று யோசித்ததில்லை.

"எங்க மகள்?"

நான் காட்டினேன். பஸ்ஸின் மறைவில் மணலில் முசல்லா விரிந்திருந்தது. நேராக, வயல்பக்கம். மகள் அதில் நின்று தொழுதுகொண்டிருந்தாள். நான் முதலில் கண்டபோது கரண்டியைப் போட்டுவிட்டேன். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அந்தப் பெண்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் முதுகுக்கு முதுகு. எங்கள் பஸ்ஸில் படித்த அரைகுறை இங்கிலீஷில் மகள் அவளிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் கண் சிமிட்டக்கூட யோசிக்கிறவள் மாதிரிக் கடலைக் காவல் காத்தாள். மகள் குனிந்தாள். நெற்றி மணலில் பட்டது.

கணவர் அசையாமல் நின்றார். மகிழ்ச்சியும் கோபமும் ஒரே முகத்தில் இடம் போதாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து வந்ததும், "தொழுதிட்டாய் மகள்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இனிப் பயமில்ல. மதரசாவில சந்தோசமா இருப்பாள். அக்காவுக்கு இண்டைக்கே சொல்றன்."

அவள் நேராகத் தொழாததற்காக அனுப்ப இருந்தவர், தொழுததற்காக அனுப்பப் போகிறார்.

"அங்க யாரு வாப்பா கடலப் பாக்கிற?" என்றாள் மகள்.

"அங்க கடல் இல்ல மகள். வயல்தான்."

"அண்டைக்கு வயலுக்கும் வந்ததுதானே."

அவர் என்னிடம் திரும்பினார். "ஒரு யூதச்சியக் காவலுக்கு வச்சித் தொழுறது என்ன தொழுகை?"

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ. "படையில நிக்கிறவங்க எப்பிடித் தொழணும் எண்டு உங்களுக்கு ஓதித் தரல்லயா?" என்றேன். சிறு வயதில் ஓதப் போனபோது எனக்கும் சொல்லித் தந்தார்கள். அச்சநேரத் தொழுகை. ஒரு கூட்டம் தொழும். மற்றக் கூட்டம் எதிரியைப் பார்த்து நிற்கும். பிறகு இடம் மாறிக்கொள்ளும்.

"அது எதிரி முன்னால நிக்கக்குள்ள."

"அப்ப இது என்ன?" என்று கடலைக் காட்டினேன். "நமக்குச் சொந்தக்காரரா?"

அவர் நான் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சட்டென்று புரிந்தது. தேடுவதை நிறுத்திய நாளிலிருந்து அவர் ஒருமுறைகூடக் கடலைப் பார்த்ததில்லை. கரையோர வீதியில் ஓட்டும்போது கண் தார் ரோட்டிலேயே இருக்கும். பஸ்ஸை எப்போதும் மூக்கு வயல்பக்கம் இருக்கும்படி நிறுத்துவார். தொழுகையில் யாரையும்விட நீளமாக நிற்பார். மகள் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கடலுக்கு முகத்தைக் கொடுக்கவில்லை. கிப்லா அவருக்கு வசதியாக இருந்தது.

சாமான்களை ஏற்றத் தொடங்கினோம். அந்தியில் மகரிபு தொழுதுவிட்டுப் புறப்படலாம் என்றார். பக்கத்துப் பஸ்ஸில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைத்தார்கள். தாய் சுடரின் மேலாகக் கைகளைச் சுழற்றித் தன் முகத்தை மூடிக்கொண்டாள். இது அவர்களின் ஓய்வுநாள், நாளை இருட்டும்வரை அவர்கள் பஸ் ஓடாது, வேலை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மகள் சொன்னாள். அந்தப் பெண்பிள்ளை மேசையில் தம்பிமாருக்கு நடுவில் இருந்து எங்கள் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவளால் இப்போது எழுந்து வரமுடியாது.

மகள் கைகால் கழுவி வுளூ எடுத்துவிட்டு வந்தாள். முசல்லாவை நேராக விரித்தாள். ஏறி நின்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை, அலை மட்டும். கையை உயர்த்தினாள், இறக்கினாள். மீண்டும் பார்த்தாள். பிறகு குனிந்து முசல்லாவின் நுனியைப் பிடித்தாள், திருப்பிப் போட.

நான் எழுந்திருக்கவில்லை. என் கண்ணின் தகுதி எனக்குத் தெரியும்.

"விடு மகள்" என்றார் வாப்பா. "அப்பிடியே இரிக்கட்டும்."

செருப்பைக் கழற்றினார். அவளைத் தாண்டிப் போய், அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில், மணலில் நின்றார். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைத் திருப்புகிறவர் மாதிரி, தோளை முதலில் திருப்பி, கழுத்தைப் பிறகு திருப்பி, கடலைப் பார்த்தார்.

"தொழு" என்றார்.

மதரசாக் கதை அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸுக்குள் வரவில்லை. மதினி கேட்டபோது, "அவள் எங்களோடயே இரிக்கட்டும் அக்கா, ஆளுக்காள் பாத்துக்கொள்றம்" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சரியாகிவிடவில்லை. நாங்கள் மூவரும் ஒன்றாக ஒரு வரிசையில் நின்று தொழுததே இல்லை. அவர் மௌத்தாகிக் கண்மூடும்வரை எப்போதும் எங்களில் ஒருவர் மறுபக்கம் பார்த்து நின்றார். மகள் இப்போது மலைநாட்டில் குடும்பமாக இருக்கிறாள். நான் இன்னும் ஓரிடத்தில் இருக்க முடியாதவளாக, பஸ் மாறிப் பஸ் ஏறிக்கொண்டு, கிடைத்த சீட்டில் இருந்து இவற்றை எழுதுகிறேன். தொழும்போது என் பிடரி தனியாக இருக்கிறது.

ஆனால் அந்த மகரிபை நான் பார்த்தேன். மகள் தொழுதாள். குனிந்தாள், நெற்றியை வைத்தாள், எழுந்தாள். வாப்பாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று நினைத்தேன். ஓதும்போது அவர் வாய் எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும், இது அதுவல்ல. கிட்டப் போனேன். கடலைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிந்தவூர்... காரைதீவு..."

மகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வாப்பா, நான் முடிச்சிட்டன். நீங்க போய்த் தொழுங்க. இனி நான் பாக்கிறன்."

அவர் திரும்பவில்லை.

"கொஞ்சம் இரி மகள்" என்றார். "இன்னும் பொத்துவில் வரல்ல."